சனிக்கிழமை தவறாமல் வந்தவர்

குடைக்கடைக்காரர் தன் மகள் வீட்டுக் கதவைத் தட்டவில்லை, இடித்தார்.

"எங்கேம்மா உன் வீட்டுக்காரர்?"

"உள்ளேதான். என்னப்பா, மூஞ்சியே சரியில்லையே?"

எப்படிச் சரியாக இருக்கும்? முந்தாநாள் கடையின் வெப்சைட்டை எவனோ ஹேக் பண்ணிவிட்டான். முந்நூறு குடைப் படங்களும் காணோம். அந்த இடத்தில் சூதாட்ட விளம்பரம் பல்லைக் காட்டுகிறது. மழைக்காலத்துக்கோ இன்னும் நாலே நாள்.

ரிப்பேர் பார்க்க வந்த கம்ப்யூட்டர்க்காரம்மாவையும் கையோடு இழுத்து வந்திருந்தார்.

"சார், நான் சொல்ல வந்ததை முழுசாக் கேட்காம கிளம்பிட்டீங்க..."

"நீங்க சும்மா இருங்கம்மா!"

மருமகன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "வாங்க மாமா."

"வந்தது இருக்கட்டும். என் வெப்சைட் பக்கமே தலை வச்சுப் படுக்காதீங்கன்னு போன வருஷமே சொன்னேனா, இல்லையா?"

"சொன்னீங்க மாமா."

"அப்புறம் எதுக்குச் சனிக்கிழமை தவறாம உள்ளே போயிருக்கீங்க? எல்லாம் பதிவாகியிருக்கு! கை வச்சது நீங்கதானே?"

"அப்பா!" மகளுக்குச் சுருக்கென்றது. "பாஸ்வேர்டை அடிக்கடி மாத்துங்கன்னு நல்லது சொன்னார். எனக்கே பாடமான்னு வெப்சைட் வேலையிலிருந்து அவரைக் கழட்டி விட்டீங்க. இப்போ பழி வேறயா?"

"சார், திருடன் வந்த வழி வேற" என்றார் கம்ப்யூட்டர்க்காரம்மா. "உங்க கடைக்குப் பரிசு விழுந்திருக்கு, தயவுசெஞ்சு பாஸ்வேர்டை அனுப்புங்க ஐயான்னு ஒரு மெயில் வந்திருக்கு. கடையிலிருந்து யாரோ அனுப்பியிருக்காங்க. கூடவே 'மிக்க நன்றி ஐயா'ன்னு வேற எழுதியிருக்காங்க."

குடைக்கடைக்காரருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"அது கிடக்கட்டும்! இவர் எதுக்குப் போனார்? அதைச் சொல்லச் சொல்லுங்க!"

மருமகன் அலமாரியைத் திறந்து, தீப்பெட்டி அளவு ஹார்ட் டிஸ்க் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"வாராவாரம் வெப்சைட்டை ஒரு காப்பி எடுத்து வச்சேன் மாமா. உங்களுக்கு அதுக்கெல்லாம் பொறுமை இருக்காது. போன சனிக்கிழமை வரைக்கும் அத்தனை குடையும் இதுல பத்திரமா இருக்கு."

கம்ப்யூட்டர்க்காரம்மா அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். "ஒரே நாள்ல பழையபடி கொண்டுவந்துடலாம் சார்! இனிமே பாஸ்வேர்டு மட்டும் போதாது. போனுக்கு ஒரு நம்பர் வரும், அதையும் போட்டாத்தான் உள்ளே விடும். யார் போனுக்கு வரணும்?"

குடைக்கடைக்காரர் கையிலெடுத்த தன் போனைத் திரும்பச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"மாப்பிள்ளை போனுக்கே வரட்டும்மா. என்கிட்ட வந்தா, யாராவது மரியாதையாக் கேட்டாக் குடுத்துடுவேன்."