நாற்பத்தேழு

"முதல்ல உங்க மிஷினைத் தூக்கிட்டுக் கிளம்புங்க!"

டாக்டரம்மா போட்ட சத்தத்தில் விற்பனைப் பிரதிநிதிக்கு வியர்த்துவிட்டது. குரோமோசோம் எண்ணும் இயந்திரம் அது. இதையும் விற்காமல் வந்தால் வேறு வேலை தேடிக்கொள் என்று மேலாளர் காலையில்தான் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"என்ன மேடம் தப்பு?"

"மனுஷ செல்லுல குரோமோசோம் நாப்பத்தாறு. சோதிச்சுப் பாக்க நல்லா ஆரோக்கியமா இருக்கிற ஆளோட ரத்தம் குடுத்தேன். முப்பது செல்லைப் பாத்துட்டு முப்பதுலயும் நாப்பத்தேழுங்குது!"

"ஒருவேளை நிஜமாவே ஒண்ணு கூடுதலா..."

"வாயைக் கழுவுங்க! செல் என்ன கண்ணை மூடிக்கிட்டா ரெண்டாப் பிரியுது? ஒவ்வொரு குரோமோசோமையும் ரெண்டு பக்கமும் நூல் பிடிச்சிருக்கான்னு பாக்கும். ஒரே ஒண்ணு பிடிபடலைன்னாலும் எல்லாத்தையும் நிறுத்திடும். நாங்க மருந்து விட்டு அந்த நூலைக் கரைச்சுடுவோம். அது பாவம், நூல் வரும் வரும்னு காத்துக்கிட்டே நிக்கும். அந்த நேரத்துலதான் எண்ணுறோம்."

"எங்க மேலாளர் மாதிரி மேடம். ஒரு கையெழுத்து குறைஞ்சாலும் ஃபைலை நகர்த்த மாட்டார். ஆனா அவரே சில சமயம் கோட்டை விட்டுடுவார்."

"கருமுட்டை உருவாகுறப்போ எப்பவாவது தவறும்தான். அப்படித் தவறினா உடம்பு முழுக்க ஒண்ணு கூடுதலா இருக்கும். ஆனா இந்த ரத்தம் குடுத்தவ எனக்கு நல்லாத் தெரிஞ்சவ. மூணு பிள்ளை பெத்தவ, ஒரு நாள் காய்ச்சல்னு படுத்ததில்ல, மூளை சும்மா கத்தி மாதிரி!"

பக்கத்து மேஜையில் லேப் பெண் களுக்கென்று சிரித்தாள். டாக்டரம்மா முறைத்ததும் குனிந்துகொண்டாள்.

"ஒரே ஒரு தடவை நீங்களே எண்ணிப் பாருங்க மேடம். நாப்பத்தாறு வந்தா மிஷினைத் தலையில வச்சுத் தூக்கிட்டுப் போயிடறேன்."

டாக்டரம்மா அலட்சியமாக மைக்ரோஸ்கோப்பில் குனிந்தார். எண்ணினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினார். அப்புறம் லேப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"நாப்பத்தேழுதான் மேடம்," என்றாள் அவள், குரலே எழும்பாமல். "எக்ஸ் குரோமோசோம் ரெண்டுக்குப் பதிலா மூணு இருக்கு."

பிரதிநிதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"பாவம் அந்தம்மா. உடம்புக்கு ஏதாவது பண்ணுமா மேடம்?"

"நிறைய பேருக்கு ஒண்ணும் பண்ணாது. தெரியாமலே ஆயுசு ஓடிடும்." டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "மிஷின் இங்கேயே இருக்கட்டும்."

"ரொம்ப நன்றி மேடம்! ஆனா அந்தம்மாகிட்ட இதை எப்படிச் சொல்லப் போறீங்க?"

"சொல்ல வேண்டியதில்ல. அவளே இப்போ ரெண்டு தடவை எண்ணிப் பாத்துட்டா."