பத்துக்கு எத்தனை?

ஒரகடத்தில் முதல் ஷிப்ட் முடித்து, கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்தான் திருமலை. தீராத வலிக்காரர்களின் வீட்டாருக்காக ஆஸ்பத்திரி மாடியில் நடந்த வகுப்பில், கடைசி வரிசையில் உட்கார்ந்து நர்ஸ் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான்.

“தினமும், ‘வலி பத்துக்கு எத்தனை?’ன்னு கேளுங்க. அவங்க கையிலேருந்து எல்லா வேலையையும் புடுங்கிக்காதீங்க. பாதியைப் பங்கு போட்டுக்குங்க” என்றாள் நர்ஸ்.

பக்கத்து நாற்காலி நாகப்பன் கிண்டலாகக் கேட்டார். “இன்னா தம்பி, பரீட்சைக்கா எழுதறே? வூட்ல யாருக்கு வலி?”

“சம்சாரத்துக்குண்ணே. ரெண்டு வருஷமா இடுப்பு வலி. கேட்டா, ஒண்ணுமில்லன்னு சொல்லிக்கினே கீறா.”

திருமலை கையைத் தூக்கினான். “சிஸ்டர், பேஷண்ட்டே பொய் சொன்னா?”

நர்ஸ் ஒரு கணம் தயங்கினாள். “சொல்லுவாங்க. வீட்டுக்குப் பாரமா இருக்கக் கூடாதுன்னு மறைப்பாங்க. முகம் சிரிக்கும். நீங்க கையைப் பாருங்க. எதையாவது புடிச்சிக்கிட்டே நின்னா, வலிக்குதுன்னு அர்த்தம்.”

திருமலை பார்த்தான். வகுப்பு தொடங்கியதிலிருந்து அவளுடைய இடது கை மேசை விளிம்பை விடவே இல்லை.

எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் போட்டான்.

“உக்காரு கலை. பத்துக்கு எத்தனை?”

‘ஒண்ணுமில்ல’ என்று சொல்லத்தான் கலைமதி வாயெடுத்தாள். எதிரே அவளிடம் பாடம் கேட்ட முப்பது பேரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். சிரித்துவிட்டு, மெல்ல உட்கார்ந்தாள்.

“ஏழுங்க.”

பின்னாலிருந்து நாகப்பன் குரல் கொடுத்தார். “எழுதிக்க தம்பி, அப்புறம் இல்லேன்னுடப் போவுது!”