தாழ்ப்பாள் இல்லாத கதவு

கார் விபத்துக்குப் பிறகு எட்வினின் தலையில் போட்ட தையல்களை இப்போது முடி மூடிவிட்டது. ஸ்கேனில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். ஆனால் தெருமுனைவரை கேட்கச் சிரிக்கிறவன், வீடு திரும்பியதிலிருந்து சுவரைப் பார்த்தே படுத்திருந்தான். "நான் அன்னைக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்" என்று நேற்று அவன் முனகியதைக் கேட்ட மனைவி ரூபி, காலையில் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றி ஒளித்துவைத்தாள்.

மதியம் அவன் குளிக்கப் போனான். குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. ரூபி கதவில் கைவைத்தபடி நின்றாள். தள்ளவும் பயம், தள்ளாமல் இருக்கவும் பயம்.

குழாய் நின்றது.

"ரூபி, தாழ்ப்பாள் எங்க?"

"துருப்பிடிச்சிருந்துச்சு."



"பொய் சொல்லாத. என்னை நெனச்சுப் பயமா இருக்கா?"

"ஆமா" என்றாள். அழுதுவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. டாக்டர்கிட்ட தலைவலின்னு மட்டும்தான் சொன்னேன். மத்தது எதையும் சொல்லல."

"இப்பவே போய்ச் சொல்லுவோம். நானும் கூட வர்றேன்."

அவள் கையை எடுக்காமல் நின்றாள். கதவு அந்தக் கையிலிருந்து மெல்ல விலகி, உள்பக்கமாகத் திறந்தது.