பின்னால் வருகிறவர்கள்

கதவைத் திறந்தவளின் முகத்தில் பனிக்காற்று அறைந்தது.

பிற்பகலிலேயே இருட்டிவிட்டது. மலைப்பாதையை மூடியாயிற்று. நோர்வேயின் இந்தப் பழைய வழிவிடுதியில் இன்று யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. காலையிலிருந்து சூப் ஊற்றுகிறாள், மெத்தை விரிக்கிறாள். இடுப்பு விட்டுப்போயிற்று. இன்னும் ஒரு ஆளா என்று அலுத்துக்கொண்டேதான் திறந்தாள்.

தலையெல்லாம் பனியோடு ஒருவன் நின்றான். அவளைப் பார்த்ததும் அவனுக்கு உயிர் வந்தது.

“அக்கா தமிழோ? அப்பாடா. காரை விட்டிட்டு நடந்து வாறன். கால் விறைச்சுப் போச்சு.”

அந்தக் குரல்.

உடம்பு பருத்திருந்தது. தலை நரைத்திருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

பல வருடங்களுக்கு முன் எல்லைக் காட்டில், முழங்கால் பனியில், அவர்களைக் களவாய்க் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன். தம்பி சுதர்மன் கால் விறைத்து உட்கார்ந்துவிட்டான். அவள் அவன் கையை விடவில்லை.

“பின்னால வாற ஆக்கள் கூட்டிக்கொண்டு வருவினம். நீ நட,” என்றது இதே குரல்.

பாவி, நடந்தாள்.

வாசலில் நின்றவனுக்கு அவளைத் தெரியவில்லை. அன்று அவள் குல்லாவுக்குள் வெறும் இரண்டு கண்கள்.

கதவைச் சாத்திவிடலாம். யார் கேட்கப்போகிறார்கள்? கை பிடியிலேயே இருந்தது.

பிறகு விலகி வழிவிட்டாள். அடுப்போரம் உட்காரவைத்துச் சூப்பை வைத்தாள்.

பனி நாளில் வருகிறவரிடம் இந்த விடுதியில் பேர் ஊர் கேட்பதில்லை. ஒரே கேள்விதான். பின்னால் யாராவது வருகிறார்களா? இல்லையென்றால் வாசல் விளக்கை அணைத்துவிடுவார்கள்.

அவள் மட்டும் அணைப்பதே இல்லை. மின்சாரம் என்ன சும்மாவா வருகிறது என்று முதலாளியம்மா இங்கெர் முணுமுணுப்பாள். முணுமுணுக்கட்டும்.

வழக்கமான கேள்வியை இன்று தமிழில் கேட்டாள்.

“பின்னால ஆரும் வருகினமோ?”

“இல்லையக்கா. நான் தனியத்தான்.”

“இண்டைக்கில்லை. அண்டைக்கு. காட்டில.”

கரண்டி பாதியில் நின்றது. அவன் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

“இல்லை,” என்றான். “பின்னால ஒருத்தரும் வரேல்லை. எனக்கு அப்பவே தெரியும்.”

அவளுக்கும் தெரியும். இத்தனை வருடமாய் வாய்விட்டுச் சொல்லத்தான் ஆளில்லை.

“சூப் ஆறுது,” என்றாள். “சாப்பிடுங்கோ.”

வாசலுக்குப் போய் விளக்கை அணைத்தாள்.