தூணோர நாற்காலி

"அந்த நாற்காலியில மட்டும் கை வெக்காதீங்கண்ணே, புண்ணியமா போகும்!"

டைப்பிஸ்ட் அம்மா கையெடுத்துக் கும்பிட்டதும் ஸ்பீக்கர்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ அதில் உட்கார்ந்தபடியே செத்துப்போயிருக்க வேண்டும் என்று நினைத்து இரண்டடி தள்ளி நின்றார்.

மீட்டிங் ஹாலின் ஃபால்ஸ் சீலிங்கில் பன்னிரண்டு ஸ்பீக்கர் மாட்டியாகிவிட்டது. உட்கார்ந்தவர் காது உயரத்தில் சத்தம் அளக்கும் மீட்டரைப் பிடித்து, நாற்காலி நாற்காலியாக அளந்தார். எங்கேயும் ஒரே அளவு. கடைசி வரிசையில் தூணும் உத்தரமும் மறைத்த அந்த ஒரு நாற்காலியில் மட்டும் பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

மேனேஜரோ கறார் பேர்வழி. "ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்புன்னு வெச்சீங்க, அத்தனையும் கழட்டிட்டுப் போயிடணும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். கம்பெனிதான் மாமனாருடையது; திங்கட்கிழமை தவறாமல் இரண்டு மணி நேரம் பேசுவது இவருடைய சொந்தச் சரக்கு.

"பழைய ஸ்பீக்கர் காலத்துலேர்ந்தே அதுல ஒண்ணும் கேக்காதுண்ணே. வாராவாரம் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒருத்தர் உக்காருவோம். நாலு மாசம் கழிச்சு இந்த வாரந்தான் என் பேரு வந்திருக்கு" என்றார் டைப்பிஸ்ட் அம்மா.

ஸ்பீக்கர்காரருக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் இருபது வருஷத்துப் பேர் ஒரு நாற்காலியால் கெடுவதா? சத்தத்தைக் கூட்டினால் முன்வரிசைக்குக் காது கிழியும். மனசைக் கல்லாக்கிக்கொண்டு, நாற்காலிக்கு நேர் மேலே பதின்மூன்றாவதாக ஒரு சின்ன ஸ்பீக்கரை மாட்டினார். டைப்பிஸ்ட் அம்மா மூக்கைச் சிந்தினார்.

சாயங்காலம் மேனேஜர் வந்தார். டைப்பிஸ்ட் அம்மாவையே மைக்கில் படிக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு வரிசையிலும் உட்கார்ந்து பார்த்தார். தூணோர நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஸ்பீக்கர்காரர் மெதுவாகப் பக்கத்தில் போனார்.

"நல்லா கேக்குதுங்களா?"

"ஒரு எழுத்து விடாம கேக்குது" என்றார் மேனேஜர். வேலை முடிந்ததென்று கையெழுத்தும் போட்டார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"என் தலைக்கு மேல இருக்கிற இந்த ஒண்ணுக்கு மட்டும் தனியா ஒரு சுவிட்ச் வெச்சுக் குடுங்க. நாற்காலிக்கு அடியில, யாருக்கும் தெரியாம."

"எதுக்குங்க சார்? நீங்க மேடையிலதானே இருப்பீங்க?"

"இந்தத் திங்கக்கிழமை பேசப்போறது எங்க மாமனார்."