தலை குனிந்த நீர்நாய்கள்

குளத்துக்காக நாரைகளோடு நடந்த சண்டையில் நீர்நாய்கள் தோற்றன. மிச்சமிருந்த உயிர்களாவது பிழைக்கட்டும் என்று, சமாதானம் பேசப் போனவள் கயலி என்ற தாய் நீர்நாய்.

"ஆழத் தண்ணீர் எங்களுக்கு, கரைச்சேறு உங்களுக்கு. தினமும் விடிந்ததும் எல்லோரும் வரிசையாக நின்று தலை குனிந்து, 'தப்பு எங்களுடையது' என்று சொல்ல வேண்டும்" என்றான் நாரைத் தலைவன்.

"இனிமேல் பிறக்கப்போகும் குட்டிகளுமா ஐயா?"

"தோற்றவர்களுக்குக் கேள்வி எதற்கு?"

கயலி ஒப்புக்கொண்டாள். சண்டையையே பார்த்திராத குட்டிகளும் தினமும் தலை குனிந்து வளர்ந்தன.

ஒரு கோடையில் கரைச்சேறு காய்ந்து வெடித்தது. பசியில் சுருண்டு கிடந்த குட்டிகளிடம் வெட்டுப்பல்லன் என்ற நீர்நாய் வந்து பேசினான். "நாம் எங்கே தோற்றோம்? நம்மைக் காட்டிக்கொடுத்துவிட்டார்கள்!" முன்பு அவனைக் கண்டு சிரித்தவர்கள் இப்போது அவனைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

கயலியின் மகள் மீனாள் வீட்டுக்கு வந்து கல்லில் பல்லைத் தீட்டினாள்.

"காட்டிக்கொடுத்தது யாரும்மா?"

கயலி மகளின் அருகே போனாள். "நீங்கள் உயிரோடு இருக்க வேண்டும் என்றுதான்..." என்று தொடங்கினாள். மகள் காதில் வாங்கவில்லை.

மறுநாள் விடியலில் ஒரு குட்டியும் தலை குனியவில்லை. நாரைகள் ஏளனமாகச் சிறகடித்தன. பழக்க தோஷத்தில் தலை குனிந்து நின்றவள் கயலி ஒருத்திதான்.

அவள் மெல்ல நிமிர்ந்தாள். குட்டிகள் நாரைகளுக்கு முதுகைக் காட்டி, அவளைச் சுற்றி நெருங்கிக்கொண்டிருந்தன. தீட்டிய பல்லைக் காட்டியபடி முன்னால் வந்தவள் மீனாள்.