மூன்று சுற்று

அறுத்த வலையின் மிச்சம் மேலே வந்தபோது அவள் கேமராவை எடுக்கவில்லை.

வலையில் கடல்பசுவின் கன்று செத்துக் கிடந்தது.

இன்னாசி அண்ணன் அதைப் படகுக்குள் தூக்கிக் கிடத்தினார். மூன்று முழ நீளம்கூட இருக்காது. மூக்கைச் சுற்றி வலையின் நைலான் நரம்பு இறுக்கிய தடம்.

நேற்றுக் காலை இதே இடம்தான். இதே வலையில் பெரிய கடல்பசு ஒன்று மாட்டிக்கொண்டு மூச்சுக்குத் தவித்தது. வாங்கி ஒரு மாதம் ஆகாத வலை. இன்னாசி கத்தியை எடுக்க ஒரு நொடி யோசிக்கவில்லை. பத்து வருடமாகக் கடலைப் படம் பிடிப்பவள் நேற்றுத்தான் படம் பிடித்தபடியே கத்தினாள், சந்தோஷத்தில்.

விடுபட்டது போகவில்லை.

படகைச் சுற்றியது. மூக்கை நீட்டி மூச்சு வாங்கியது. முங்கியது. மறுபடி சுற்றியது.

மூன்று முறை.

"பாருங்க தங்கச்சி, ஆவுளியா நமக்கு நன்றி சொல்லுது."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளும்தான். ஒரு கடல்பசுவின் மனசைப் படித்துவிட்ட பெருமை இரண்டு பேருக்கும்.

காற்று ஏறிக்கொண்டிருந்தது. வேண்டிய படம் கிடைத்துவிட்டது. மிச்ச வலையை நாளைக்கு அள்ளிக்கொள்ளலாம், கிளம்பலாம் என்று சொன்னவள் அவள்தான்.

சாயங்காலமே வீடியோவை இணையத்தில் போட்டாள். மேலே ஒரு வரி: மூன்று சுற்று நன்றி. கோயில் மைக்கில் இன்னாசியின் பெயரைச் சொன்னார்கள். ஊருக்கே வாயெல்லாம் பல்.

இப்போது அதே படகில் கன்று கிடந்தது.

அதன் கண் திறந்தே இருந்தது. இன்னாசி தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன்மேல் போர்த்தினார். போர்த்திய கையை எடுக்கவே இல்லை.

'கிளம்பலாம்' என்ற அவள் குரல் அந்த வீடியோவின் கடைசியில் இருக்கிறது. தெளிவாகக் கேட்கும்.

"நேத்து அது கன்னுக்குட்டியத்தான் நம்மகிட்ட கேட்டுருக்கு, தங்கச்சி."

அவள் தலையை ஆட்டினாள்.

"துண்ட எடுத்துடுறேன். இதையும் படம் எடுங்க."

கேமராவை இயக்கினாள். கன்றின் மூக்கில் இருந்த தடத்துக்கு அருகில் போனாள்.

படகின் வலப்பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், யாரோ பெருமூச்சு விடுவதுபோல் சத்தம் கேட்டது.

பழுப்பு முதுகு ஒன்று மேலே வந்தது. முங்கியது. படகைச் சுற்றத் தொடங்கியது.

இன்றைக்கு யாரும் என்ஜினைப் போடவில்லை.